ஜெனரேட்டர் சத்தத்தில் மதாம் ரொசலி

செவ்வாய்க்கிழமை காலையில் மதாம் ரொசலியின் மகன் பாஸ்கல் எனக்குப் போன் செய்தார். "அம்மா தவறிட்டாங்க சார்" என்றவர், சற்றுத் தயங்கி, "நாலு மணிக்கு எடுக்கறோம். அப்ப மட்டும் ஜெனரேட்டர் போடாம இருக்க முடியுமா?" என்று கேட்டார். தாயைப் பறிகொடுத்தவர் என்னிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மதாமை அறிந்த நெல்லித்தோப்புக்காரர்களுக்கு அவருடைய மூடிய ஜன்னலும் தெரியும். அந்தச் சுவரை ஒட்டித்தான் எங்கள் டெலிபோன் அறை. ஃபைபர் கேபிள் வந்து சேரும் இடம். கேபிளுக்குள் ஓடுவது வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தை உண்டாக்கக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி சாய்ந்தால் ஜெனரேட்டர். புகை நேராக மதாமின் ஜன்னலுக்குப் போகும்.

"வெளிச்சத்துலயே பேச்சு போவுதுன்ற. அப்புறம் எதுக்குத் தம்பி இவ்ளோ புகை?" என்று ஒருநாள் கேட்டார். இன்னொரு நாள், கொடியில் காய்ந்து கரி படிந்த தலையணை உறையை என் கையில் திணித்தார். "இத உங்க ஆபீசர் தலைக்கு வெச்சிக்கச் சொல்லு." திட்டி முடித்துவிட்டு, காபி குடித்தாயா என்றும் விசாரித்தார். அதுதான் மதாம். புது பேட்டரி கேட்டு நாங்களும் மேலே சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நானே அறையில் காவல் இருந்தேன். பக்கத்தில் ஜெபம் தொடங்கியதும் கரண்ட் போய்த் தொலைந்தது. எங்கள் பேட்டரியின் லட்சணம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஜெனரேட்டரைத் தொடவில்லை. சற்று நேரத்தில் கருவிகளின் விளக்குகள் அணைந்தன. தெரு முழுக்கப் போன் செத்தது.

பாஸ்கல் ஓடி வந்தார். பாரிஸில் இருக்கும் அக்காவால் வர முடியவில்லையாம். ஜெபமாவது கேட்கட்டும் என்று சவப்பெட்டியின் பக்கத்தில் ரிசீவரை வைத்திருந்தார்களாம்.

"லைன் போயிடுச்சி சார். பரவால்ல, போடுங்க."

போட்டேன். ஜெபம் சொன்ன பங்குச் சாமியாரின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப் போனது.

கல்லறையில் பாஸ்கலிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் தேற்றினார். லைன் திரும்பக் கிடைத்ததும் அக்கா அழுதுகொண்டே சொன்னாராம்: "இந்தச் சத்தம் கேட்டாத்தாண்டா நம்ம வூடு மாதிரி இருக்கு." வருஷக்கணக்காகப் போனில் அம்மாவின் குரலோடு அதையும் சேர்த்தே கேட்டவர். என்னால் தலைநிமிர முடியவில்லை.

அந்தத் தலையணை உறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆபீசரிடம் நீட்டத் தைரியம் வராமல் மேசைக்குள் வைத்திருந்தேன். நாளை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன், மதாம் சொன்ன அதே வார்த்தையோடு.