பூட்டு இல்லாத கணக்கு

சுலோஜனா கொழும்பில் இருந்த காலத்தில், வெளிநாட்டு இணையச் சூதாட்டத் தளமொன்றில் ஆடுகிறவர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை பார்த்தாள். அந்தத் தளத்துக்கு ஒரு நாட்டு அரசின் உரிமம் இருந்தது. ஆடுகிறவர் யாராவது "என்னைத் தடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டால், பேச்சு முடிவதற்குள் கணக்கைப் பூட்டியாக வேண்டும். அதன்பிறகு ஒரு வாழ்த்துச் செய்திகூட அவருக்குப் போகக்கூடாது. ஒருமுறை பூட்டத் தாமதமானதற்காக நிறுவனமே தண்டம் கட்டியது. அந்தக் கெடுபிடியெல்லாம் அப்போது அவளுக்குச் சலிப்பைத்தான் தந்தது.

தாய் படுக்கையில் விழுந்ததும் சொந்த ஊரான ஆரையம்பதிக்குத் திரும்பி வந்தாள். மட்டக்களப்பு நகரிலேயே அதே மாதிரி வேலை கிடைத்தது. பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடி அறை. தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தமிழில் பதில் எழுத வேண்டும். மேற்பார்வைக்கு இருந்த வேரா நகரத்துப் பறங்கிக் குடும்பத்துப் பெண், இரக்கமுள்ளவள். முதலாளி யாரென்று வேராவுக்கும் தெரியாது.

சுலோஜனா தன் சொந்தப் பெயரிலேயே எழுதினாள். அவளுடைய பேச்சு பலருக்குப் பிடித்துப்போனது. மண்டூரில் வயல் செய்யும் கோணாமலையும் அப்படித்தான் அவளோடு எழுத ஆரம்பித்தார். ஒருநாள் காலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது.

"மகள், இதை விட வேணும் எண்டு பாக்கிறன், ஏலாமக் கிடக்கு. என்ட கணக்கைப் பூட்டி விடுங்க."

சுலோஜனா திரையெங்கும் தேடினாள். பூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. வேராவைக் கேட்டாள்.

"பூட்டுற வேலை நமக்கில்லகா," என்றாள் வேரா. "இலவச ஆட்டம் கொஞ்சம் குடுத்து, ஆறுதலா நாலு வார்த்தை எழுது. அப்படித்தான் மேல இருந்து சொல்லியிருக்கு."

அவள் எழுதினாள். அன்று பின்னேரம் முழுவதும் கோணாமலை ஆடிக்கொண்டே இருந்ததைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தளத்தின் அடியில் பொன்னிறத்தில் ஓர் உரிம முத்திரை இருக்கும். அதை அழுத்தினால் உரிமம் கொடுத்த அதிகாரசபையின் பதிவுப் பக்கம் திறக்க வேண்டும். இந்த முத்திரையோ வெறும் படம். அதிலிருந்த இலக்கத்தை அந்த நாட்டு அதிகாரசபைக்கே எழுதி அனுப்பினாள். இப்படி ஒரு தளம் தங்களிடம் பதிவாகவில்லை, ஆகையால் அதைத் தாங்கள் விசாரிக்க முடியாது என்று பதில் வந்தது. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த இலங்கையிலும் சட்டம் வந்துவிட்டது என்று செய்தியில் படித்திருந்தாள். முதலாளி யாரென்றே தெரியாத ஒன்றைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது?

வேராவிடம் சொன்னபோது, அவள் முதலில் கூரையிலிருந்த கமராவைப் பார்த்தாள்.

"மெல்லமாக் கதை. நானும் ஒருக்கா இதைக் கேட்டன். அடுத்த நாள் என்ட வீட்டுப் படம் எனக்கு வந்திச்சு. வேற ஒண்டும் எழுதல்ல. படம் மட்டும்தான்."

அன்றே, கணக்கில் பார்த்து வைத்த இலக்கத்துக்கு, வீட்டிலிருந்து சுலோஜனா கோணாமலைக்கு அழைப்பெடுத்தாள்.

"அண்ணன், அதில பூட்டே இல்ல. உரிமமும் பொய். நாளைக்கு ஏமாத்திப்போட்டாங்க எண்டு முறைப்பாடு சொல்லவும் இடமில்ல. ஃபோன்ல இருந்து அதை அழிச்சிடுங்க."

கோணாமலை கேட்டார்:

"அப்ப நீங்க எனக்கு எழுதினதெல்லாம் என்ன மகள்?"

"எழுதச் சொன்னாங்க, எழுதினன்."

அவர் அழித்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த நாள் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சுலோஜனா செய்தி அனுப்பினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். கோணாமலை அழைத்தார். குரலில் ஓர் உற்சாகம்.

"நீங்க சொன்னபடியால்தான் மகள் அதை ஃபோன்ல திரும்பவும் போட்டன்."

"நான் என்ன சொன்னன்?"

"இப்ப உரிமம் சரியாயிட்டு, பயமில்லாம ஆடலாம் எண்டு எழுதினீங்களே. உங்கட கதை எனக்குத் தெரியாதா?"

அவள் நேரே நகரத்துக்கு ஓடினாள். மாடி அறை வெறுமையாகக் கிடந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வேராவின் தொலைபேசி வேலை செய்யவில்லை. பொலிசில் போய்ச் சொன்னாள். எழுதிக்கொண்டவர், கம்பெனி யாருடையது என்று கேட்டு, தெரியாது என்றதும் பேனையை மேசையில் வைத்தார்.

மறுநாள் குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனாள். கோணாமலையின் மனைவி சின்னத்தங்கம் வாசலிலேயே நின்றாள்.

"உள்ளுக்க இருக்கார். சோறு தின்னவும் எழும்புறாரில்ல," என்றாள்.

கோணாமலை சிரித்தபடி ஃபோனை நீட்டினார். தளத்தின் பெயர் மாறியிருந்தது. சுலோஜனா என்ற பெயரில் செய்திகள் வரிசையாக இருந்தன. அவள் எழுதுகிற மாதிரியே, அவள் சொல்கிற ஆறுதலே. அவள் இதுவரை எழுதியவற்றையெல்லாம் ஏதோ ஒரு யந்திரத்துக்குப் படிப்பித்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அந்த ஃபோனிலேயே எழுதினாள்:

"நான்தான் சுலோஜனா. நீ யார்?"

உடனே பதில் வந்தது. "நான் சுலோஜனாதான் அண்ணன். மனசு சரியில்லையா? என்னோட கதையுங்க."

அவள் ஃபோனை அவர் முன்னால் பிடித்தாள். "பாருங்க அண்ணன். நான் இஞ்ச நிக்கிறன். இது நானில்ல."

கோணாமலை அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல, மெதுவாக ஃபோனை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் மகள்," என்றார். "இந்தப் பிள்ளை என்னை நிப்பாட்டச் சொல்லுறதில்ல."