சூடான பானெட்டில் கம்பளி

தங்கை மகன், புதிதாக வாங்கிய பெரிய காரில் என்னையும் தன் அம்மாவையும் கொடைக்கானலுக்குக் கூட்டி வந்தான். இறங்கியதும் மெத்தென்ற துணியால் காரைத் துடைக்கத் தொடங்கினான்.

"மாமா, சாயாதீங்க, கோடு விழும்."

விலகி நின்றேன். பானெட்டின் சூடு மட்டும் முகத்தில் அடித்தது.

எழுபதுகளில், கொடைக்கானலை அடுத்த எங்கள் ஊரான பள்ளங்கியில் அப்பா பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். பூண்டு மூட்டை ஏற்றாமல் சுற்றுலாக்காரர்களை ஏற்ற வேண்டும் என்று ஆசை. உறைபனி பெயிண்டைக் கெடுத்துவிடும் என்று, நானும் தங்கையும் போர்த்தியிருந்த ஒரே கம்பளியை உருவி பானெட்டுக்குப் போர்த்தினார்.

"ஏங்க, வண்டிக்கா சளி பிடிக்குது?" என்றாள் அம்மா.

"பெயிண்ட் போச்சுன்னா எவன்டி ஏறுவான்?"

விடிந்தபோது கம்பளி விறைத்துப்போய் ஒட்டிக் கிடந்தது. அப்பா பிடித்து இழுத்தார். கம்பளியில் இருந்த மண் பானெட் முழுக்கக் கீறிவிட்டது. உள்ளே தங்கை விடாமல் இருமினாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

அன்று பூண்டு மூட்டை ஏற்றிப் போய்த் திரும்பியவர், ஈரக் கம்பளியைச் சூடான பானெட்டில் விரித்துக் காயவைத்தார். சூடு ஆறும் முன்னே கொண்டுவந்து எங்களுக்குப் போர்த்திவிட்டார். குளிர்காலம் முடியும்வரை அப்படித்தான். கோடுகள் கூடிக்கொண்டே போயின.

இப்போது தங்கை, பனியில் நனைந்த சால்வையைக் கழற்றிப் புது பானெட்டில் விரித்தாள்.

"அம்மா, கோடு விழும்!"

"விழுந்தா விழட்டும்டா" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நானும் போய் சால்வைமேல் உள்ளங்கையை வைத்தேன்.