பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

ஹட்டன் கடைவீதியில் வழக்கறிஞனான என் வீட்டையும் துணிக்கடைச் சிவலிங்கம் முதலாளியின் வீட்டையும் பிரிப்பது ஒரு பலகைச் சுவர். சென்ற மாதம் ஒரு விடியலில் அந்தச் சுவர் தட்டப்பட்டது. தட்டியவர் அவருடைய மனைவி. "ஐயா, கொஞ்சம் வாங்க. இவரு எழும்ப மாட்டேங்கிறாரு." நான் போனபோது செய்வதற்கு எதுவும் மீதமிருக்கவில்லை.

அவரிடம் துணி வாங்கியவர்களும் கோயில் காரியங்களில் அவரோடு நின்றவர்களும் அவரைப் பற்றி என்னைவிட அதிகம் சொல்லக்கூடும். நான் நேரில் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

என் மனைவி இறந்த பிறகு, கொழும்பிலிருக்கும் மகள் ஒரு ஸ்பீக்கர் செட் வாங்கி அனுப்பினாள். அதில் தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூபர் பெட்டி பாட்டின் நடுவே ஓய்ந்துவிடும். சில வேளை மீண்டும் எழும், பல வேளை எழாது. முதலாளியிடம் சொன்னேன். ஞாயிறு பிற்பகல்களில் கடையை மூடிவிட்டு வரத் தொடங்கினார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. "ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்டை மாத்துனா எது குத்தவாளின்னு எப்படிங்க தீர்ப்புச் சொல்றது?" ஒரு வாரம் வயரை மாற்றினோம். அடுத்த வாரம் பிளக்கை. ஈரம் காரணமாக இருக்கலாம் என்று பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். சோதிப்பதற்கென்று அவர் வைத்திருந்தது, வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் காமன் கூத்துத் திருவிழாவின்போது தம் கைப்பேசியில் பதிந்த தப்பு மேளத்தின் ஒலி. அதை முழுச் சத்தத்தில் வைப்பார்; பலகைகள் அதிரும். பெட்டி ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவர் போன பின் நான் தனியே கேட்பேன், ஓய்ந்துவிடும்.

"நான் இருந்தா ஒழுங்கா இருக்கு, போனா சேட்டை பண்ணுது. உங்க கட்சிக்காரன் மாதிரியே இருக்குங்களே!" என்று சிரித்தார்.

கடைசியில் ஒரு ஞாயிறு, "இன்னைக்கு நான் வரல்ல. நீங்க எப்பவும் போல போடுங்க, நான் இங்கேருந்து கேக்குறேன்" என்று தம் வீட்டிலேயே இருந்துகொண்டார். வழக்கம்போல், பிறருக்குக் கேட்காத அளவில் வைத்தேன். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"லோயரய்யா, போட்டுட்டீங்களா?"

"பாதிப் பாட்டு முடிஞ்சிருச்சு, முதலாளி."

"அட போங்கய்யா! பலகைல காது வச்சும் எனக்கே கேக்கல. பொட்டிக்கு எங்க கேக்கும்? பாட்டே இல்லைன்னு நெனச்சுத் தூங்கிருச்சு."

காரணம் அதுவே. வரும் ஒலி மிக மெலிதாக இருந்தால் தானாக அணைந்துகொள்ளும்படி அந்தப் பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. பின்புறத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அதை மாற்றினால் அணையாது. மாற்றப் போன என் கையை, அதற்குள் வந்து நின்ற அவர் தடுத்தார்.

"அது கெடக்கட்டும். சத்தத்தக் கூட்டுங்க."

"பக்கத்துல உள்ளவங்களுக்கு இடைஞ்சல் இல்லையா?"

"பக்கத்துல உள்ளவன் நான்தானேங்க சொல்றேன்! உங்க வீட்டு அக்கா போனதுலேருந்து இந்த வீட்ல ஒரு சட்டி உருள்ற சத்தங்கூட இல்ல. நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?"

சத்தத்தைக் கூட்டினேன்.

கருமாதி முடியும்வரை எங்கள் வரிசையில் எவரும் பாட்டுப் போடவில்லை. அதன்பின் அவர் மனைவி மகனோடு கினிகத்தேனைக்குப் போய்விட்டார். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. அந்த அம்மா புறப்பட்டுப் போன அன்று மாலை பழையபடி மெதுவாகத்தான் வைத்தேன்; பெட்டி ஓய்ந்தது. எழுந்து போய்க் கூட்டினேன். இடைஞ்சல் என்று சொல்ல அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. நான் இருக்கிறேனா என்று கேட்கவும் இல்லை. ஆயினும், ஒரு வீட்டில் ஆள் இருப்பது அடுத்தவருக்குத் தெரிய வேண்டும் என்று முதலாளி என்னிடம் எதிர்பார்த்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றே. அதற்காக இப்போது பாட்டுப் போடும்போது வீதிப் பக்கத்து ஜன்னலையும் திறந்துவைக்கிறேன்.