கும்மிடிப்பூண்டி வட்டம்

இந்தியாவின் காடுகளைச் சுமலதா சிவப்புப் புள்ளிகளாகத்தான் பார்த்திருக்கிறாள். உத்தராகண்டின் பைன் மலைகள், ஒடிசாவின் சால் காடுகள், தேனிக்கு மேற்கே ஏறும் சரிவுகள் எதையும் அவள் நேரில் கண்டதில்லை. ஆனால் எந்த மாவட்டத்தில் எந்த வாரம் தீ கிளம்பும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். ஒன்பது வருடமாக அதுதான் அவளுக்கு வேலை.

அவள் குடியிருந்தது திருநின்றவூரில். கணவன் குணாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகள் பூமிகா மூன்றாவது படித்தாள். காலை எட்டு மணி லோக்கலைப் பிடித்து அம்பத்தூரில் இறங்கினால் பத்து நிமிட நடையில் அலுவலகம். சிறிய தனியார் நிறுவனம்தான், ஆனால் வேலை நாடு முழுக்க. செயற்கைக்கோள் அனுப்பும் வெப்பப் புள்ளிகளை வாங்கி, எது காட்டுத் தீ, எது வேறு சூடு என்று பிரிப்பார்கள். காட்டுத் தீ என்றால் அந்தப் பகுதிக் காவலரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி பறக்கும். எந்த ஊரில் எத்தனை தீயணைப்பு வண்டி நிற்கிறது, எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் அதே திரையில் ஓரமாக ஓடும்.

சுமலதா பிறந்தது கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் நாவல்மேடு. அப்பா அன்புராஜுக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல். ஊருக்கு மேற்கே இரும்பு உருக்கும் ஆலைகள். கிழக்கே ஏரி, ஏரிக்கு அப்பால் களாவும் காரையும் ஈச்சம்புதரும் மண்டிய காடு. காடு என்றால் பெரிய மரங்கள் கிடையாது. ஆள் உயரத்துக்கு முள். ஆனாலும் அரசாங்கக் கணக்கில் அது காப்புக்காடு. தை கழிந்தால் அதற்கு ஒரு தீக்காவலரைப் போடுவார்கள். ஆனி வரைக்கும் வேலை. ஏழு வருடமாக அந்த வேலையைப் பார்த்தவர் அதே ஊர் குப்புராஜ்.

ஆலைகளின் உலைகள் வானத்திலிருந்து பார்த்தால் தீயாகத்தான் தெரியும். போன வருடம் வரை உலை எரிந்தாலும் குப்புராஜின் போனில் செய்தி வந்துகொண்டிருந்தது. பாவம், அவரும் ஒவ்வொரு தடவையும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நாடு முழுக்க இதே புகார். அதனால் பிப்ரவரியில், தீக்காலம் தொடங்குமுன், நிரந்தரச் சூடு உள்ள இடங்களைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போடச் சொன்னார்கள். வட்டத்துக்குள் விழும் புள்ளிக்குச் செய்தி போகாது. இரும்பாலை, செங்கல் சூளை, எண்ணெய்க் கிணறு என்று மொத்தம் நானூற்றுச் சொச்சம் வட்டங்கள். தமிழ்நாடும் ஆந்திராவும் சுமலதாவின் பங்கு.

ஒவ்வொரு உலைக்கும் தனித்தனியாக, அரைக் கிலோமீட்டருக்கு மிகாமல் போட வேண்டும் என்பது விதி. மற்ற ஊர்களுக்கு அவள் அப்படித்தான் போட்டாள். கும்மிடிப்பூண்டிக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. பூமிகாவின் பள்ளியில் ஆண்டு விழா, ஐந்து இருபது லோக்கலை விட்டால் பிள்ளை மேடையேறுவதைப் பார்க்க முடியாது. 'நம்ம ஊரு, நமக்குத் தெரியாதா' என்று நினைத்தாள். பதினான்கு உலைகளையும் சேர்த்து ஒரே பெரிய வட்டமாக இழுத்துவிட்டாள். வட்டத்தின் கிழக்கு விளிம்பு ஏரியைத் தாண்டிப் போனது அவள் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை வந்து சரி பண்ணலாம் என்று கணினியை அணைத்தாள். திங்கட்கிழமை ஒடிசாவில் ஒரே நாளில் முந்நூறு புள்ளிகள். வட்டம் மறந்தே போயிற்று.

மே முதல் வாரத்தில் நாவல்மேட்டுக் காடு எரிந்தது. நல்ல உச்சி வெயில், கடல் காற்று வேறு. குப்புராஜ் அன்று காட்டின் தென்கோடியில் இருந்தார். வடமேற்கே எழுந்த புகையை ஆலைப் புகை என்றே நினைத்தார். அந்தப் பக்கம் புகை இல்லாத நாளே கிடையாது. நெருப்பு என்று தெரிந்தபோது மணி மூன்றரை. போன் பண்ணிவிட்டு, பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு தனியாளாக அடிக்கப் போனார். தீயணைப்பு வண்டி வருவதற்குள் காற்று திரும்பிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துபோயின. காட்டில் அறுபது ஏக்கர் கரி.

பத்து நாள் கழித்து வனச்சரக அலுவலகத்திலிருந்து நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தனக்குச் செய்தி வரவில்லை என்று காவலர் சொல்கிறார். அன்று தகவல் அனுப்பப்பட்டதா, அமைப்பில் கோளாறு ஏதும் இருந்ததா?

மேலாளர் ஸ்ரீராமன் அதைச் சுமலதாவுக்குத் தள்ளிவிட்டார். "உங்க ஏரியாதானே, பார்த்து ஒரு பதில் போட்டுடுங்க."

அவள் அன்றைய பதிவைத் திறந்தாள். ஒரு மணி நாற்பத்திரண்டுக்கு ஏரிக்குக் கிழக்கே புள்ளி இருந்தது. சாம்பல் நிறத்தில். வட்டத்துக்குள் விழுந்த புள்ளி சாம்பலாகிவிடும். குப்புராஜ் கண்ணால் பார்ப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே வானத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதை வெளியே விடாமல் வைத்தது அவள் போட்ட கோடு.

பக்கத்து மேசையில் மிருதுளா ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே வரியில் பதில் எழுதினாள்: "குறிப்பிட்ட நாளில் எங்கள் அமைப்பில் எந்தக் கோளாறும் இல்லை."

பொய் இல்லை. அமைப்பு, சொன்னபடி வேலை செய்தது. கேட்ட இரண்டு கேள்வியில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தாள். அனுப்பப்பட்டதா என்ற கேள்வி அப்படியே நின்றது. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அந்த வரி என்ன செய்தது என்பது ஜூன் தொடக்கத்தில் அம்மா போன் பண்ணியபோதுதான் தெரிந்தது. சுமலதாவுக்கு ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்பதற்கு மேல் அம்மாவுக்கோ ஊருக்கோ எதுவும் தெரியாது.

"நம்ம குப்புராஜ வேலைய உட்டு எடுத்துட்டாங்கடி. மெசேஜு வந்திருக்குதாம், இவரு எங்கியோ மரத்தடில படுத்துத் தூங்கினு இருந்துட்டாராம். மெட்ராஸ் கம்பெனிலருந்தே லெட்டர் வந்துச்சாம், எல்லாம் கரெக்டா இருந்துச்சின்னு. காலும் போயி பேரும் போச்சு. ஊர்ல ஒரே பேஜாரு."

சுமலதா "அப்படியா" என்றாள்.

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குணா கேட்டபோது தலைவலி என்றாள். ரயிலில் யாராவது போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் அந்த வட்டத்தைத் திறந்து பார்ப்பாள், சிறிதாக்கக் கை போகும், நிறுத்திக்கொள்வாள். இப்போது மாற்றினால் மாற்றிய தேதி பதிவாகும். மாற்றாவிட்டால் அடுத்த தீயும் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பதினேழு நாள் ஓட்டினாள்.

பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூமிகாவைக் கூட்டிக்கொண்டு நாவல்மேட்டுக்குப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ரேஷன் கடை வாசலில் குப்புராஜ். பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப் போட்ட கால்களை ஒரு செங்கல் மேல் நீட்டியிருந்தார். வரிசையில் நின்றவர்களிடம் போனை நீட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் பார்க்காமலே தலையாட்டினார்கள்.

அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அன்புராஜ் பெரியப்பா பொண்ணுதானே? சுமா! இங்க வாம்மா. நீ கம்ப்யூட்டர்லாம் படிச்ச பொண்ணு. இத்த கொஞ்சம் பாரு."

போனை அவள் கையில் திணித்தார். "ஏழு வருசத்து மெசேஜு அத்தினியும் அப்டியே கீது. ஒண்ண நான் அழிக்கல. கம்பெனி சூட்டுக்கு வந்ததுகூட கீது. அந்தத் தேதில எதுனா வந்திருக்குதா பாரு. வந்து அழிஞ்சி கிழிஞ்சி போயிருக்குமா? எனக்கே இப்ப சந்தேகமா கீது. நாந்தான் பாக்காம உட்டுட்டனோ இன்னமோ."

சுமலதா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது, அவளுக்குத் தெரியாததா. ஆனாலும் தேதியைத் தேடினாள். அதற்கு முந்தைய நாளும் இல்லை, பிந்தைய நாளும் இல்லை. பிப்ரவரியோடு எல்லாம் நின்றுபோயிருந்தது.

"வரலண்ணா," என்றாள். "உங்களுக்கு மெசேஜே வரல."

"அப்ப நான் பொய் சொல்லல?"

"இல்லண்ணா."

குப்புராஜ் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "கேட்டுக்கினீங்களா? படிச்ச பொண்ணு சொல்லுது." பிறகு அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இத்த நீ ரேஞ்சர் ஆபீசாண்ட வந்து ஒரு வார்த்த சொல்றியாம்மா?"

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பாக்கறேண்ணா," என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று பூமிகா கேட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை வந்ததும் வராததுமாக ஸ்ரீராமனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வட்டம், ஐந்து இருபது லோக்கல், சாம்பல் புள்ளி, அந்த ஒற்றை வரி. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"வட்டத்தை இன்னிக்கே சின்னதாக்கிடுங்க. அது முக்கியம். லெட்டர் எல்லாம் வேண்டாம் சுமலதா. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். அந்த மனுஷருக்கு நான் வேற விதமாப் பேசிப் பார்க்கிறேன்."

"வேற விதமான்னா அவர் தூங்கினாருன்னு இருக்கறது அப்படியேதான சார் இருக்கும்?"

ஸ்ரீராமன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். பன்னிரண்டு பேர் வேலையை யோசிக்க வேண்டியிருந்தது.

சுமலதா தன் இடத்துக்குப் போய் முதலில் வட்டத்தைச் சிறிதாக்கினாள். பிறகு தீப்பிடித்த நாளின் வரைபடத்தை, சாம்பல் புள்ளியோடும் வட்டத்தோடும் இணைத்தாள். "என் முந்தைய பதில் முழுமையானதல்ல. தகவல் அனுப்பப்படவில்லை. காரணம், நான் விதியை மீறி வரைந்த வட்டம். காவலர் குப்புராஜ் சொன்னது உண்மை" என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். சரக அலுவலகத்துக்கு அனுப்பியபின் ஸ்ரீராமனுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

கடிதத்தோடு விட்டிருக்கலாம். குணாவும் அதைத்தான் சொன்னான். "அதான் எழுதிட்டியே, நேர்ல போயி இன்னா ஆவப்போவுது?" ஆனால் ரேஷன் கடை வாசலில் அவர் முகம் மலர்ந்தது அவளை விடவில்லை. அடுத்த ஞாயிறு தனியாகப் போனாள்.

குப்புராஜ் வீட்டில் அவர் மனைவி சின்னப்பொண்ணு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுமலதா கீழே உட்கார்ந்து, கணினிச் சொல் எதுவும் இல்லாமல் சொன்னாள். இந்த இடத்தில் நெருப்பு வந்தால் செய்தி அனுப்பாதே என்று நான்தான் மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ரேஞ்சர் ஆபீசிலிருந்து கேட்டு எழுதியபோதும் மறைத்தேன்.

சின்னப்பொண்ணின் முறம் அந்தரத்தில் நின்றது. குப்புராஜ்தான் முதலில் கேட்டார்.

"அப்ப அன்னிக்கி கடையாண்ட, என் போன வாங்கிப் பாத்தியே, அப்பவே உனுக்குத் தெரியும்?"

"தெரியும்ணா."

"வட்டம் போட்டது தப்புதான், அத்த உடு. அவசரத்துல எல்லாரும் தப்பு பண்றதுதான். தெரிஞ்சிக்கினே என் போன கைல வாங்கி, தள்ளித் தள்ளிப் பாத்த பாரு..." காலைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

சின்னப்பொண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். "ஒரு மாசமா நானே இந்தாள நம்பல சுமா. நைனா தூங்கிட்டாருன்னு என் புள்ளயாண்ட நானே சொன்னேன். அத்த யாரு திருப்பி எடுக்கறது?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நீ கெளம்பு. இப்ப இங்க இருக்காத."

சுமலதா எழுந்து வந்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அழவில்லை. மன்னிப்பு வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்ற நினைப்பு தனக்குள் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டாள்.

சரக அலுவலகம் குப்புராஜின் பெயரில் இருந்த குறிப்பை நீக்கியது. அடுத்த பிப்ரவரியில் அவரையே மறுபடி காவலராகப் போட்டது. இப்போது காலைத் தாங்கித்தான் நடக்கிறார். நிறுவனத்தின் ஒப்பந்தம் முறியவில்லை. மற்றவர்கள் போட்ட வட்டங்களையும் சோதிக்கச் சொன்னார்கள். அவற்றில் இன்னும் முப்பத்தொரு வட்டங்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன, சில சத்தீஸ்கரில், சில ஜார்க்கண்டில். அங்கெல்லாம் யார் பெயர் கெட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

சுமலதாவை வரைபடத்திலிருந்து எடுத்து வண்டிப் பட்டியலுக்கு மாற்றினார்கள். தினமும் காலையில் தீயணைப்பு நிலையங்களுக்குப் போன் போட்டு, என்ன இருக்கிறது என்று கேட்டுக் குறிக்கும் வேலை. எல்லோரும் அதை வேண்டா வெறுப்பாகச் செய்வார்கள். இவள் மட்டும் விடமாட்டாள்.

"ரெண்டு வண்டி இருக்குதும்மா."

"ரெண்டும் ஓடுதா சார்?"

"ஒண்ணுதான் ஓடும்."

அவள் ஒன்று என்று எழுதுவாள். மிருதுளாவுக்கு அது விளையாட்டாக இருந்தது. "ஏன்க்கா அந்த மனுஷங்களைப் போட்டு இப்படிக் குடையறீங்க?" என்று சிரிப்பாள்.

போன தை மாதம் நாவல்மேட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் சுமலதாவும் பூமிகாவும் உட்கார்ந்த வரிசைக்கு எதிரே குப்புராஜ் இருந்தார். அவளைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், சாப்பிட்டு முடித்து எழுந்து போனார். கை கழுவும் இடத்தில் அம்மா அவளிடம் மெதுவாகச் சொன்னாள். "ஒன்னப் பத்தி யாரு கேட்டாலும் அவரு ஒண்ணுதாண்டி சொல்றாரு. அந்தப் பொண்ணுதான் கெடுத்துச்சு, அந்தப் பொண்ணுதான் எழுதிக் குடுத்துச்சுன்னு. ரெண்டையும் சொல்லிடறாரு."

"சரியாத்தாம்மா சொல்றாரு," என்றாள் சுமலதா. குழாயைத் திறந்து மகளின் கையைப் பிடித்துக் கழுவிவிட்டாள்.