ரெட்டைக்கு ஆசைப்பட்ட ரெங்கசாமி

கேமரன் மலையில் லாரி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தேயிலை பேக்டரியில் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளின கையாலேயே மூன்று லாரிக்குச் சாவி வாங்கினவர் ஒருத்தர்தான். கம்போங் ராஜாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லவில்லை என்றால் ரெங்கசாமியே சொல்லிவிடுவார்.

மூன்று லாரியின் நெற்றியிலும் ஒரே பெயர்தான், மோகனா. அவருடைய ஒரே மகள். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு அந்தப் பெயர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் தினம் போய் வந்துகொண்டிருந்தது. மோகனா படித்து டீச்சராகி, ரிங்லெட்டில் மின்சார வேலை பார்க்கிற தினேஸ்வரனைக் கட்டிக்கொண்டு ஏழு வருஷம் ஆயிற்று. பிள்ளை இல்லை. இரண்டு வருஷமாக ஈப்போவில் வைத்தியம். வயிற்றில் ஊசி போட்டுப் போட்டுக் கன்றிப்போன இடத்தை அவள் யாருக்கும் காட்டுவதில்லை.

ஒரு நாள் நல்ல சேதி வந்தது. ஆஸ்பத்திரிக் கண்ணாடித் தட்டில் இரண்டு கரு நன்றாக வளர்ந்திருக்கிறதாம். இரண்டு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ரெங்கசாமி அன்று சாயங்காலமே நூர்தீன் பாய் டீக்கடைக்குப் போய் எல்லார் மேசைக்கும் நுரை பொங்க தே தாரே ஊற்றச் சொல்லிவிட்டார். தன் வீட்டுக்கு ரெட்டைப் பிள்ளை வரப்போகிறது, ரெட்டை என்பது தன் ரத்தத்தில் ஓடுகிற சங்கதி என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். முட்டையை அடைகாக்க வைக்கும் முன்னேயே குஞ்சுக்குப் பேர் வைக்கிறீரே என்று நூர்தீன் பாய் சிரித்தார். ரெங்கசாமி அதைக் காதில் வாங்கவில்லை.

ரத்தத்தில் ஓடுகிறது என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மோகனாவே ரெட்டையில் ஒருத்தி. அந்தக் கதை கேட்காத காது கம்போங் ராஜாவில் கிடையாது.

கருவை வயிற்றில் வைக்க ஈப்போவுக்குப் போக வேண்டிய அன்று காலை ரெங்கசாமியே காரை ஓட்டினார். சிம்பாங் பூலாய் ரோட்டில் பனி இறங்கிக் கிடந்தது. பின்சீட்டில் மகளும் மருமகனும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசாமல் இருப்பது அவருக்கு ஆகாது. அப்போதெல்லாம் இந்த ரோடே கிடையாது, தாப்பா ரோடு ஒன்றுதான் என்று ஆரம்பித்தார்.

அவர் சொல்லச் சொல்ல, அவர் வேலை பார்த்த பழைய தேயிலை எஸ்டேட்டே காருக்குள் வந்துவிட்டது. விடியற்காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, மணி அடிக்கும். வரிசை வீடுகளான லயத்து வாசலில் பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையை நெற்றிக்கயிற்றில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த வரிசையில் கடைசியாக வந்தும் முதல் ஆளாக மலையேறுகிறவள் மாரியம்மா. கொழுந்து எடுப்பதில் அவள் விரலுக்கு ஈடான விரல் அந்தப் பெரட்டில் இல்லை. அவளை எப்படிப் பிடித்தேன் தெரியுமா என்று கேட்டுவிட்டு, எடை போடுகிற இடத்தில் அவள் கூடையை இறக்கிவிட்ட கதையைச் சொன்னார். குளிரில் அவள் கை விறைத்திருந்ததாம். டிரையர் அடுப்புக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்க் காயவைத்தாராம். அந்தச் சூட்டுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டதா உங்கம்மா சொல்லுவா என்று சொல்லிச் சிரித்தார். மாரியம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

டாக்டர் நாடியா நூர்தீன் பாயின் மகள்தான். சின்னப் பிள்ளையில் கடை மேசையில் உட்கார்ந்து பாடம் எழுதினவள். இந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்தேன் என்று ரெங்கசாமி நர்சிடம் சொன்னார். தூக்கினது ஒரு தடவையோ இரண்டு தடவையோ.

நாடியா நிதானமாக விளக்கினாள். இரண்டு கருவும் நல்ல கரு. ஒன்றை இப்போது வைக்கலாம், மற்றதை உறைய வைத்துப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். முதலாவது தங்காவிட்டால் அது கைவசம் இருக்கும். தங்கினால் தம்பியாகவோ தங்கையாகவோ பிறகு வரும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் இந்தத் தடவையே பிள்ளை உண்டாகும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதை அவள் மறைக்கவில்லை. ஆனால் ரெட்டையாகிவிட்டால் மாதம் முடியுமுன் பிறக்கிற ஆபத்து பல மடங்கு. பிள்ளைகள் எடை குறைந்து, மூச்சுவிடத் திணறி, வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் கிடக்க வேண்டிவரும். தாய்க்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு. மோகனாவுக்கு இப்போதே ரத்த அழுத்தம் மேலே நிற்கிறது. ஆகையால் ஒன்றே ஒன்று வைப்பதுதான் தன் யோசனை என்றாள். முடிவு செய்து கையெழுத்துப் போட வேண்டியவள் மோகனா.

மோகனா இரண்டு என்றாள். இன்னொரு தடவை இந்த ஊசியையும் காத்திருப்பையும் தாங்க முடியாது, ஒரே தடவையில் முடியட்டும் என்றாள். தினேஸ்வரன் வாயைத் திறந்தான், மாமனார் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

நாடியா ரெங்கசாமி பக்கம் திரும்பினாள். "அங்கிள், உங்க ரெட்டை எத்தனை மாசத்துல பொறந்தாங்க?"

கேட்டது போதும். ரெங்கசாமி நாற்காலியில் நிமிர்ந்தார். ஏழு முடிந்து எட்டாவது மாதம் என்று ஆரம்பித்தார். மழை கொட்டோகொட்டென்று கொட்டி, தாப்பா ரோட்டில் மண் சரிந்து, ஊருக்கு இறங்க வழியில்லை. எஸ்டேட் மருந்துக்கடையில் வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர் சுப்பிரமணியம்தான் பிரசவம் பார்த்தார். முதலில் பையன், பிறகு மோகனா. கொழுந்து நிறுக்கிற தராசில் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தால் மூன்று கிலோவுக்குக் கீழே. குளிரோ எலும்பைத் துளைக்கிறது. என்ன செய்தார் ரெங்கசாமி? ஒரு தேயிலைப் பெட்டியை எடுத்தார், பஞ்சும் கம்பளியும் போட்டார், இரண்டு பேரையும் அதில் படுக்க வைத்து நேராக பேக்டரியில் டிரையர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். இந்த மலையிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான். லயமே வரிசை கட்டி வந்து பார்த்தது. துரை வீட்டம்மா இரண்டு கம்பளித் தொப்பி பின்னி அனுப்பினார்.

"இப்ப நீங்க கண்ணாடிப் பெட்டிங்கிறீங்களே, அத நான் அப்பவே செஞ்சவன் லா" என்று முடித்தார்.

"அதான் டாக்டர் நானும் சொல்றேன்" என்றாள் மோகனா. "ஒரு டீப் பெட்டியில நாங்க ரெண்டு பேரும் பொழச்சோம். அண்ணன் பின்னாடி காய்ச்சல்ல போனது வேற விஷயம். இப்ப இவ்ளோ மிஷின் இருக்கு. எனக்கென்ன பயம்?"

அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

ரெங்கசாமிக்குக் காதுக்குள் டிரையர் ஓடுகிற மாதிரி இரைந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கதைக்குக் கைதட்டு கிடைத்திருக்கிறது, தே தாரே கிடைத்திருக்கிறது. அதை நம்பி யாரும் எதிலும் இறங்கினதில்லை. இப்போது தன் மகள் அதை நம்பிக் கையெழுத்துப் போடப் போகிறாள்.

"எழுதாத தாயி" என்றார். "பேனாவ வையி."

மோகனா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் காய்ச்சல்ல போகல. அவனுக்கு எந்தக் காய்ச்சலும் வரல."

பிறகு அவர் சொன்னது எதுவும் நூர்தீன் கடையில் சொன்ன மாதிரி இல்லை. வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. பிள்ளைகளைப் பேக்டரிக்குக் கொண்டு போகாதே என்று டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார். அங்கே தூள் பறக்கும், இந்த நெஞ்சு தாங்காது, ஒன்றை நீயும் ஒன்றை மாரியம்மாவும் உடம்போடு உடம்பாக அணைத்துக்கொண்டு கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள் என்றார். டவுனிலிருந்து வந்த டிரெஸ்ஸருக்கு மலைக்குளிர் என்ன தெரியும் என்று நினைத்து ரெங்கசாமி அவர் பேச்சைக் கேட்கவில்லை. டிரையரைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவன் யார் என்ற நினைப்பு. மாரியம்மா எழுந்து வந்து தடுத்திருப்பாள். அவளால் எழ முடியவில்லை. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மணியம்மா வந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தாள். மோகனா குடித்தாள். பையனுக்கு இழுக்கத் தெம்பில்லை. மூன்றாம் நாள் அவன் உதடு நீலமாகிவிட்டது. மூக்கோரத்தில் தேயிலைத் தூள் படிந்திருந்தது. ரெங்கசாமி வேட்டி நுனியை நனைத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் ரோடு திறந்தது. மாரியம்மாவைக் கீழே கொண்டுபோய், உயிரைக் காப்பாற்ற கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

"ஒண்ணே போதும்னு நாங்க நிறுத்திக்கிட்டதா சொல்லி வச்சிருந்தோம். நிறுத்தல தாயி. இல்லாமப் போச்சு."

மோகனா பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஊரெல்லாம் சொன்னீங்களே ப்பா. நான் ஸ்கூல்ல பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன், எங்கப்பா இப்படிச் செஞ்சாருன்னு."

"பாதியச் சொன்னேன்" என்றார் ரெங்கசாமி. "நல்ல பாதிய."

தூள்தான் கொன்றது என்று சொல்ல முடியாது என்றாள் நாடியா. அந்த மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு நுரையீரல் முழுசாக வளர்ந்திருக்காது, தூள் இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வயிற்றில் இரண்டு பேர் இருந்தார்கள், இடம் போதாமல் சீக்கிரம் வந்துவிட்டார்கள், ஆரம்பம் அதுதான் என்றாள். அவள் ஆறுதலுக்காகச் சொன்னாளா, உண்மையைச் சொன்னாளா என்று ரெங்கசாமி கேட்கவில்லை.

"பேர் வச்சீங்களா?" என்று மோகனா கேட்டாள்.

"அகிலன். உங்கம்மா வச்சா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த பெறகு வச்சா."

மோகனா கணவன் பக்கம் காகிதத்தை நகர்த்தி, நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவனிடம் அவள் அப்போதுதான் கேட்டாள். எனக்கு நீ முழுசா வீடு வந்து சேர்ந்தா போதும் என்றான் தினேஸ்வரன். அவள் ஒன்று என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்திட்டாள். அப்பாவிடம் கொடுக்காமல் நாடியாவிடம் கொடுத்தாள்.

திரும்பும்போது தினேஸ்வரன் ஓட்டினான். சிம்பாங் பூலாய் தாண்டியதும், அவன எங்க பொதச்சீங்க என்று மட்டும் மகள் கேட்டாள். பழைய எஸ்டேட்டில் பதினாலாம் நம்பர் மலையின் கீழ்க்கோடியில் என்றார். செடியைக் கவாத்து வெட்டும்போது அந்த இடம் பளிச்சென்று தெரியும், மற்ற நாளில் பச்சைக்குள்ளே மறைந்துவிடும். மாரியம்மா அங்கே கொழுந்து எடுக்கும்போது அந்த வரிசையை வேறு யாருக்கும் விடமாட்டாள். கங்காணியும் ஒன்றும் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு போகலாம் என்றாள் மோகனா. போனார்கள்.

நூர்தீன் பாய் கடையில் சும்மா விடுவார்களா? என்ன ரெட்டைக்காரரே, தொட்டில் ஒன்றா இரண்டா என்று நூர்தீன் பாய் வம்புக்கிழுத்தார். ரெங்கசாமி தே தாரேயை ஒரு வாய் குடித்தார். ஒன்றுதான் என்றார். இரண்டாவது ஐஸில் இருக்கிறது, இந்தக் கேமரன் மலையில் பிள்ளையை ஐஸில் வைத்திருக்கிறவன் வேறு எவனாவது இருக்கிறானா என்று கேட்டார். கடை சிரித்தது. டிரையர் கதையை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கரு வைத்து ஐந்தாவது வாரம் ஸ்கேன். மோகனா வேண்டுமென்றே அப்பாவையும் உள்ளே கூப்பிட்டாள். அவர் சுவரோரமாகச் செருப்பில்லாமல் நின்றார். நாடியா திரையைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பொட்டு, அதற்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. தினேஸ்வரன் கண்ணைத் துடைத்தான். மோகனா திரையைப் பார்க்காமல் அப்பா முகத்தையே பார்த்தாள்.

ரெங்கசாமி திரைக்குப் பக்கத்தில் போனார். ஒரே கரு வைத்தாலும் எப்போதாவது அது இரண்டாகப் பிரிந்துவிடும் என்று நாடியா முன்பு சொன்னது அவருக்கு மறக்கவில்லை.

"ஒண்ணுதானே ஆயி?" என்றார். "நல்லாப் பாரு. அந்த மூலையில இன்னொரு தடவ பாரு."

"ஒண்ணுதான் அங்கிள்."

சரி என்றார். ஆனாலும் நகரவில்லை. இன்னொரு தடவை தானே ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.