நான்கு நொடிக் கைகள்

பூட்டுக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்றாக வேண்டிய அளவில் அவர் கடை. சாவி தொலைத்தவர்களுக்கு மாற்றுச் சாவி போடுவார். கூப்பிட்டால் வீட்டுக்கே போய்ப் பூட்டைத் திறந்து கொடுப்பார். பேச்சில் மட்டும் மனிதர் படு சிக்கனம்.

ஒரு நாள் சினிமாக் கம்பெனியிலிருந்து உதவி இயக்குநர் பெண் ஒருத்தி வந்தாள். பேர்பெற்ற ஒரு நாவலைப் படமாக எடுக்கிறார்களாம். அதில் ஒரு பூட்டுக்காரர் வருகிறாராம். நடிகர் தயார். ஆனால் பூட்டைத் திறக்கும் கம்பியை அவர் பிடிக்கிற லட்சணம் கரண்டி பிடிக்கிற மாதிரி இருக்கிறது. அதனால் கை மட்டும் இவருடையது வேண்டும் என்றாள். நாவலையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடத்தை விட்டபின் அவர் கதைப் புத்தகம் தொட்டதில்லை. தன் ஆள் வருகிற இடத்தை மட்டும் பார்ப்போம் என்று பிரித்தவர், மதியச் சாப்பாட்டை மறந்தார். மூன்றே பக்கம்தான். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகள், அம்மா செத்த பிறகு திரும்பி வருகிறாள். அவளிடம் சாவி இல்லை. பூட்டுக்காரரை அழைத்து வருகிறாள். கம்பியை உள்ளே விட்டதுமே பூட்டு இளகிவிடுகிறது. அவர் திரும்பிப் பார்க்கிறார். அவள் படியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே போக இன்னும் மனம் துணியவில்லை. "கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா" என்று சொல்லிவிட்டு, திறந்துவிட்ட பூட்டையே அவர் அரைமணி நேரம் குடைகிறார்.

படப்பிடிப்பில் இவரும் அதே நிதானத்தில் குடைந்தார். இயக்குநர் நிறுத்தி, வேகமாகத் திறக்கச் சொன்னார்.

பூட்டுக்காரர் தயங்கினார். "அவரு வேணும்னுதான் சார் லேட் பண்றாரு."

இயக்குநர் நல்ல மனிதர். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் அந்த இடம்தாண்ணே உயிரு. ஆனா அவர் மனசுல நினைக்கிறதை கேமராவுல எப்படிக் காட்டுவேன்? பாக்குறவங்க, இந்த ஆளுக்குத் தொழில் தெரியலைன்னு நினைச்சுக்குவாங்க."

இவர் மறுபடி கம்பியை எடுத்தார். நான்கு நொடியில் திறந்து கொடுத்தார்.

படம் வந்தது. மனைவி, மகள், மச்சினி குடும்பம் எல்லாரும் மேட்னி ஷோவில் ஒரு வரிசையையே பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் கை என்று மனைவி முன்சீட்டுக்காரரைத் தட்டிச் சொல்வதற்குள் கதவு திறந்துவிட்டது. மகளாக நடித்தவள் உள்ளே ஓடி, அம்மாவின் நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. பூட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து மனைவியிடம் நீட்டினார்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"நீங்க யாருக்காவது இப்படிப் பண்ணியிருக்கீங்களா?"

"ரெண்டு பேருக்கு."

விடாமல் கேட்டதில் ஒன்றைச் சொன்னார். ஒரு டீச்சர், கணவரை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பியவர். பூட்டு உடனே திறந்துகொண்டது. எண்ணெய் விட்டால்தான் சரிவரும் என்று சொல்லிவிட்டு, இவர் கடைக்குப் போய் மெதுவாகத் திரும்பி வந்தாராம். அதற்குள் பக்கத்து வீட்டம்மாள் வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாராம்.

மனைவி புத்தகத்தை மூடினாள். திடீரென்று அவள் புருவம் ஏறியது.

"அப்ப, நமக்குக் கல்யாணமான புதுசுல, பூட்டு திறக்கலைன்னு எங்க அப்பா அம்மாவை ஒன்றரை மணி நேரம் வாசல்ல நிக்க வச்சீங்களே, அது?"

"அது நெசமாவே திறக்கல."

அவள் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. பிறகு நாவலின் முதல் பக்கத்தைப் பிரித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். அன்றைக்குச் சமையல் அவர் தலையில் விழுந்தது.