கடலையில் எழும்பிய ஊர்

மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறியதும் எதிரே வந்து உட்கார்ந்தார் ஒருவர். மரவாடியில் வேலையாம். புருவமெல்லாம் மரத்தூள், காதில் பென்சில். எதைச் சொன்னாலும் கையால் செய்து காட்டாமல் அவருக்குப் பேச வராது.

சொந்த ஊர் எது என்று கேட்டேன். அவ்வளவுதான்! என் வேர்க்கடலைப் பொட்டலத்தை வாங்கி, தன் பக்கத்து சீட்டில் ஊரையே கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"முதல்ல வெறும் காடு சார். மரம் ஏத்தறதுக்குத் தண்டவாளம் போட்டாங்க." கடலை இரண்டு வரிசையாக ஓடியது. "அப்பால மரம் அறுக்க நாலு குடும்பம் வந்துச்சு, இதோ இந்த நாலு கடலை. இது டீக்கடை. இந்தப் பெரிய கடலை ஸ்டேஷனு."

கேட்ட சுவாரசியத்தில் என் கை தானாகப் போய் ஒன்றை எடுத்து வாயில் போட்டது.

"இன்னா சார், ஸ்டேஷனைத் துன்னுட்டீங்களே!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பரவால்ல சார். நல்ல மரத்தையெல்லாம் ரயில்ல ஏத்தி அனுப்சிட்டு, மிச்சம் கெடந்த மட்ட மரத்துல ஸ்டேஷன் கட்னாங்க. அதையும் கரையான் இப்டித்தான் துன்னுச்சு."

திருவான்மியூரில் இறங்கிப் போய்விட்டார். ஊர்ப் பெயரைக் கேட்க மறந்துபோனேன். கடலை ஊர் அப்படியே கிடந்த சீட்டில் உட்கார வந்த அம்மாவிடம் பதறிக்கொண்டு சொன்னேன்: "அந்தப் பக்கம் உட்காருங்கம்மா, இங்கே நாலு குடும்பம் இருக்கு!"